பதினோரு ஒன்றுகள்

அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் பிழை திருத்தியவனுக்கு முதலில் போவது முதுகு. உட்கார்ந்தே சொல்கிறேன், நீயும் உட்கார் அம்மாடி. உன் அப்பாவின் தாளில் ஓர் எண் விட்டுப்போயிருக்கிறது என்றாய். விட்டுப்போகவில்லை, நான்தான் விட்டேன்.

அத்தான் ஓய்வு பெற்று வீட்டோடு வந்தபின், உன் அம்மாவின் கையில் காயம் இல்லாத வாரம் கிடையாது. நீ வெளியூரில் இருந்தாய். "கதவு இடிச்சுடுச்சுடா" என்பாள் அக்கா. எந்த வீட்டுக் கதவு வாரம் தவறாமல் இடிக்கும்? அவரோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. கணக்கென்றால் சோறு தண்ணீர் மறப்பார் என்பது தெரியும். அதனால் ஓர் எண்ணைக் கொடுத்தேன். ஒன்றைப் பதினோரு முறை எழுதினால் வருவது, ஆயிரத்து நூற்றுப் பதினோரு கோடிச் சொச்சம். அது பகா எண்ணா, இல்லை, அதை மீதியில்லாமல் வகுக்கும் எண் உண்டா?

"மெஷின் வேண்டாம் மச்சான். மெஷின் சொன்னா அது மெஷினோட கணக்கு" என்று பென்சிலைச் சீவினார்.

பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும், அதுவும் ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் வரைதான். அதற்குள் எதுவும் வகுக்காவிட்டால் அதற்குமேலும் இல்லை. வகுக்க வேண்டிய எண்களை மாதம் ஒரு தாளாக நான் தட்டச்சு செய்து கொடுத்தேன். நாளுக்கு மூன்று வகுத்தார். வீடு அமைதியானது, அக்காவின் கை ஆறியது.

21,649 அதை வகுக்கும். எனக்கு முதலிலேயே தெரியும், நாங்கள் அச்சடித்த அட்டவணை ஒன்றில் இருந்தது. மூன்றாம் வருடம் அத்தான் அங்கே வந்துவிடுவார், கணக்கு முடிந்துவிடும். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள், அடித்த கையும் அப்படித்தான். ஆகவே 21,647-க்கு அடுத்து 21,661 என்று தட்டினேன்.

"பட்டியல் சரிதானே?" என்பார். "சரிதான் அத்தான்" என்பேன். இன்னும் ஏழு வருடம் வகுத்தார். கண்ணில் புரை விழுந்தது. அறுவை செய்தால் ஒரு மாதம் வீணாகும் என்று தள்ளிப்போட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

போன மாதம் கடைசித் தாளும் முடிந்தது. "பகா எண்தான் மச்சான்" என்று என் தோளில் சாய்ந்து அழுதார். ஒரு கணிதப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டார். 21,649-ஐ 5,13,239-ஆல் பெருக்கிப் பாருங்கள் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவர் பெருக்கிப் பார்த்தார்.

"உன் பட்டியல்ல தப்பு வராது. கண்ணு தெரியாம நான்தான் தாண்டிட்டேன்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. அன்றோடு சாப்பாட்டை நிறுத்தினார், பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன், அக்கா மேல் அடி விழக் கூடாது என்றுதான் அந்த எண்ணை விட்டேன். வேறு நோக்கம் இல்லை.

"அம்மா அதுக்கு முன்னாடியே போயிட்டாங்களே மாமா" என்கிறாய். ஆமாம், அந்தத் தாளை நான் தட்டும்போது அக்கா நோயில் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அதற்காக அக்காவைக் காப்பாற்றுவதை நிறுத்திவிட முடியுமா?