பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது

வீடு பார்க்கப் போனால் நான் முதலில் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத்தான் திறப்பேன். வாசல், நிலை, பூஜை அறை எல்லாவற்றையும் வாங்குகிறவர்களே பார்த்துக்கொள்வார்கள். தொட்டிக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

நான் சிவில் படித்தவன். வீடு வாங்குகிறவர்களுக்காக அந்த வீட்டைச் சோதித்துச் சொல்வது என் தொழில். சேலத்தில் இதற்குத் தேவை இருக்கிறது. அம்மாபேட்டை மாதிரி பழைய பகுதிகளில் தறி ஓடிய வீடுகளை இடித்துவிட்டு, அதே குறுகிய மனையில் மாடி வீடு கட்டி விற்கிறார்கள். வெளியே டைல்ஸ் பளபளக்கும். உள்ளே எப்படி என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

நீங்கள் கேட்பது அந்த மஞ்சள் வீட்டைப் பற்றி. சொல்கிறேன்.

அதைப் பார்க்க என்னைக் கூப்பிட்டவர் சரவணக்குமார். லாரி உதிரி பாகக் கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி உஷாராணி அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். முதல் பிரசவம். உஷாராணியின் அம்மா கமலவேணி வீடு பின்தெருவில். அதனால்தான் பைபாஸ் பக்கம் மனை கிடைத்தும் இந்த நெருக்கடியான தெருவைத் தேடி வந்தார்கள். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்துக்கு மேலே பேச வேண்டியிருந்தது.

சரவணக்குமார் ஒவ்வொரு சுவராகத் தட்டிக்கொண்டு வந்தார்.

"டயர்ல காத்து இருக்கான்னு பாக்கற மாதிரியே ஊட்டைத் தட்டறாரு பாருங்க சார்" என்றார் உஷாராணி. "பஞ்சர்னா சொல்லுங்க, கழட்டிருவாரு."

"நீ சிரி. நாளைக்கு ஒழுகினா நான்தான் மேல ஏறணும்."

"ஏறுங்க. இந்த வயித்தை வெச்சுட்டு நானா ஏற முடியும்?"

அவர்களுக்கு நான் பொய் சொல்லவில்லை. மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கும் என்று சொன்னேன். படிக்கட்டுக்குக் கீழே இருந்த விரிசலைக் காட்டினேன். கழிவுத் தொட்டி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பதைச் சொன்னேன். கட்டியவர் நவநீதகிருஷ்ணன் முகம் சுளித்தாலும் எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்தார். பிறகு மாடிக் குளியலறைக்குப் போனோம்.

அந்த அறையை நான் உள்ளே போகும் முன்பே அறிவேன். நவநீதகிருஷ்ணன் ஒரே பிளானில்தான் எல்லா வீட்டையும் கட்டுகிறார். என் வீடும் அவர் கட்டியதுதான், கிச்சிப்பாளையத்தில். மூன்று பக்கமும் சுவர். நான்காவது பக்கம், சந்துப் பக்கம் பார்த்து, உயரத்தில் ஒரு வென்டிலேட்டர். அதற்கு எதிரே, அறைக்குள்ளேயே, கேஸ் கெய்சர். காற்று வந்து போக அந்த ஒரு வழி மட்டும்தான். அது திறந்திருக்கும் வரை ஆபத்தில்லை. அவர் மேல் எனக்குக் குறை இல்லை. அவர் வென்டிலேட்டர் வைத்துத்தான் கட்டினார்.

என் வீட்டில் அதை அடைத்தவன் நான்.

என் மனைவி பெயர் கிருத்திகா. குழந்தை பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவள் அம்மா பழனியம்மாள் பரமத்தி வேலூரிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். குளியலறைக்குள் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மாப்ள, பச்ச ஒடம்புக்காரி. காத்து பட்டா சன்னி கண்டுரும் சாமி. அந்தச் சன்னலை அடைச்சுப் போடுங்க."

நான் ஒரு பிளைவுட் துண்டை அளந்து அறுத்தேன். ஓரத்தில் இடைவெளி இருக்கக் கூடாது என்று கிருத்திகாவின் பழைய பருத்திச் சேலையைக் கிழித்துச் சுற்றி ஒட்டினேன். பச்சைச் சேலை. அவளே எடுத்துக் கொடுத்தாள். "இஞ்சினியர் வேலைன்னா இதுதாங்க" என்று கேலி செய்தாள்.

மறுநாள் காலை வெந்நீர் ஊற்றிக்கொள்ளப் போனாள். கெய்சர் எரிந்துகொண்டே இருந்தது. குழாய்ச் சத்தம் நிற்கவில்லை என்று நாங்கள் கதவை உடைத்தோம். உள்ளே புகை இல்லை, வாசனையும் இல்லை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இதை நான் கல்லூரியில் படித்திருக்கிறேன்.

காரியம் முடிந்து குழந்தையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பழனியம்மாள் என்னைத் திட்டவில்லை. "நானு படிக்காதவ. எனக்குத் தெரியல. படிச்ச உங்களுக்குமாங்க தெரியல?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதன் பிறகு குழந்தையை என்னிடம் காட்டவில்லை. ஒருமுறை போனேன். கேட்டுக்கு வெளியிலேயே நிற்க வைத்தார்கள். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. நிலா என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

அந்தக் கேள்வியைத் தினமும் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். பதில் தெரியாமல் சோறு இறங்கவில்லை. என் இடத்தில் வேறு ஒருவர் இருந்தால் என்ன செய்திருப்பார்? நல்ல கணவன், மனைவி மேல் அக்கறை உள்ளவன், மாமியார் பேச்சை மதிக்கிறவன். அவனும் அடைப்பான் என்றால் அது என் தவறு இல்லை. அது யாருக்கும் நேரக்கூடியது. அதைப் பழனியம்மாளிடம் போய்ச் சொல்லலாம். குழந்தையை ஒருமுறை தூக்கக் கொடுப்பார்.

அந்தக் குளியலறையில் நின்றுகொண்டு உஷாராணியின் வயிற்றைப் பார்த்தபோது எனக்கு இது தோன்றியது.

"கேஸ் கெய்சர் நல்லதுங்களா சார்?" என்று சரவணக்குமார் கேட்டார்.

"தண்ணி சீக்கிரம் சூடாகும்" என்றேன். அது உண்மை. வென்டிலேட்டரைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீடு நல்ல வீடு, வாங்கலாம் என்றேன்.

வாங்கினார்கள். பால் காய்ச்சும்போது என்னையும் கூப்பிட்டார்கள். போனேன். பிரசவத்துக்குப் பிறகு, விரிசல் பூசியது நிற்கிறதா என்று பார்க்கும் சாக்கில் மறுபடி போனேன். பையன். தர்ஷன் என்று பெயர் வைத்திருந்தார்கள். கமலவேணி வாசலிலேயே புலம்ப ஆரம்பித்தார்.

"பாருங்க தம்பி, பச்ச ஒடம்புக்காரி குளிக்கற எடத்துல அவ்வளவு பெரிய ஓட்டை. அடைங்கன்னு சொல்லி வாயே வலிச்சுப்போச்சு. இவரு லாரிக்காரங்களுக்குத்தான் மாப்பிள்ளை."

"துண்டு சொருகியிருக்கேனே அத்தை."

"அந்தத் துண்டு தண்ணிக்குள்ள உழுந்து கெடக்குது. போய்ப் பாருங்க."

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். துண்டு வாளிக்குள் கிடந்தது. வென்டிலேட்டர் திறந்திருந்தது. சந்திலிருந்து காற்று தாராளமாக வந்தது.

அப்போது எனக்கு வந்த பயத்தை உங்களுக்கு விளக்க முடியுமா என்று தெரியவில்லை. அவர் அடைக்காமலே விட்டுவிடுவார். சோம்பலிலேயே அவர் மனைவி பிழைத்துக்கொள்வாள். அப்படியானால் இந்த ஊரிலேயே அடைத்த ஒரே ஆள் நானாகிவிடுவேன்.

அன்று சாயங்காலம் மறுபடி போனேன்.

அடுத்த நாள் காலை உஷாராணி இறந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் சரவணக்குமார் சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்தார். "நானேதான் சார் அடைச்சேன், என் கையாலயே அடைச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "யாரா இருந்தாலும் அடைச்சிருப்பாங்க" என்று சொன்னேன். அதை அப்போதுதான் முதல்முறையாக ஒருவர் வாயிலிருந்து கேட்டேன். அது என் வாயாக இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

அங்கிருந்து நேராகப் பரமத்தி வேலூருக்கு பஸ் ஏறினேன். பழனியம்மாளிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். குழந்தையை உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு வந்து உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். அவருக்கு நான் சொல்ல வந்தது புரியவில்லை.

உங்கள் மேசையில் இருக்கும் பலகையைப் பற்றிக் கேட்டீர்கள். ஓரத்தில் பச்சைத் துணி சுற்றியது. அது என் வீட்டிலிருந்து கழற்றியது. அன்று சாயங்காலம் நான்தான் கொண்டுபோனேன். அடைக்கச் சொல்லவில்லை. "வேணும்னா வெச்சுக்கங்க, சும்மாதான் கிடக்குது" என்றேன். முடிவு அவருடையது. ஒரே பிளான் என்பதால் அளவு சரியாக இருந்தது, அறுக்கவோ இழைக்கவோ தேவைப்படவில்லை. அவரே ஸ்டூலில் ஏறி, அவர் கையாலேயே பொருத்தினார்.

நான் ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.