கிணற்றுக்கு வைத்த குழாய்

மினி டிராக்டர் வாங்கப் போகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான். குதிரைத்திறனைப் பார்த்து மயங்காதீர்கள், வண்டி எவ்வளவு சின்ன இடத்தில் திரும்புகிறது என்று பாருங்கள். வீட்டைச் சுற்றி வேலை செய்ய வேண்டுமென்றால் அதுதான் முக்கியம். இன்ஸ்பெக்டர் அம்மா, எதையும் விடாமல் எழுதச் சொன்னீர்கள். அதனால் வண்டியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் அர்த்தநாரி. வயது ஐம்பத்தெட்டு. பெருமாநல்லூர்ப் பக்கம் வீடு. முப்பத்தோரு வருடம் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். துணி அடுக்கின் மேல் கத்தி கால் அங்குலம் விலகினால் நூறு பனியன் வீண். ஆகவே நான் அவசரக்காரன் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வேலையை விட்டதும் இந்த வண்டியை வாங்கினேன். பொம்மை வண்டி என்று தெருவே சிரித்தது. வீட்டைச் சுற்றிப் புதராகக் கிடந்த ஒன்றரை ஏக்கரை அந்தப் பொம்மை வண்டிதான் நாலு மாதத்தில் ஆளாக்கியது. சீமைக் கருவேல மரங்களை வேரோடு பிடுங்கினேன், கல்லையெல்லாம் இழுத்து ஓரம் கட்டினேன். சிரித்தவர்களே வந்து எங்கள் வாசலையும் கொஞ்சம் சமப்படுத்திக் கொடுங்கள் என்று கேட்டார்கள்.

மிச்சம் இருந்தது பின்னால் இருந்த வறண்ட கிணறு மட்டும். என் மகள் பிரியங்காவுக்குப் புதன்கிழமை நிச்சயதார்த்தம். வீட்டிலேயே பந்தல். நூறு பேர் நடமாடும் இடத்தில் திறந்த கிணறு இருந்தால் ஆகுமா? மூடிவிடலாம் என்றேன்.

எங்கள் பக்கத்தில் கிணற்றைச் சும்மா மண் தள்ளி மூட மாட்டார்கள். பாலூற்றிச் சூடம் காட்டி மன்னிப்புக் கேட்க வேண்டும். அடியிலிருந்து மேல்வரை ஒரு குழாயும் நட வேண்டும். கிணறு மூச்சு விட வழி வைக்காவிட்டால் வீட்டில் இருப்பவர்களுக்கு மூச்சு முட்டும் என்பது நம்பிக்கை. எனக்கு அதெல்லாம் கிடையாது. என் மனைவி பூவாத்தாளுக்கு உண்டு. வெள்ளிக்கிழமை அவளே பாலூற்றிவிட்டு, குழாயை மறந்துவிடாதீர்கள் என்று மூன்று முறை சொல்லிவிட்டு, மகளோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள். செவ்வாய் சாயங்காலம்தான் திரும்பினாள்.

ஞாயிறு காலை மாரிச்செல்வத்தை வரச் சொன்னேன். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன், இருபத்தாறு வயது, கம்பெனியில் அயர்ன் வேலை. பக்கத்துத் தெரு லைன் வீட்டில் மனைவியோடு இருந்தான். லீவு நாளில் என்னோடு வேலைக்கு வருவான். நல்ல உழைப்பாளி. கிணற்றுக்குள் இறங்கிக் குழாயை நிறுத்தி, பழைய மோட்டாரின் இரும்புப் பைப்பை அறுத்துக் கொடுப்பது அவன் வேலை. இறங்கும்போது ஒன்று சொன்னான்.

"வண்டியக் கரைக்குக் கிட்ட கொண்டாராதிய அண்ணாச்சி. நான் ஏறி வந்த பொறவு மண்ணத் தள்ளிக்கிடுவோம்."

சரி என்றேன். ஆனால் அவன் அறுத்து முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க மனம் வரவில்லை. ஒரு பக்கெட் மண்ணை அள்ளிக் கரை ஓரத்தில் தயாராக வைக்கலாம் என்று போனேன். முன் சக்கரத்துக்கு அடியில் கரை நகர்வது தெரிந்தது. பின்னால் எடுத்துவிட்டேன். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டுக்கல்லும் மண்ணும் பாதிக் கிணறு உயரத்துக்குச் சரிந்துவிட்டன.

நான் பயந்துவிட்டேன். வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தபோது குழாய் வழியாகக் குரல் வந்தது. அந்தக் காலத்தில் மோட்டார் வைக்கப் பாறையில் ஒரு சின்ன அறை குடைந்திருப்பார்கள். அதற்குள் ஒதுங்கிவிட்டானாம். குழாயின் அடியும் அங்கேதான் இருந்தது. கால் மட்டும் கல்லுக்கடியில் மாட்டியிருக்கிறது என்றான்.

"நீங்க பதறாதிய அண்ணாச்சி. நான் நல்லாத்தான் இருக்கேன்."

தீயணைப்பு வண்டியைக் கூப்பிட மூன்று எண்களை அழுத்தினால் போதும், எனக்குத் தெரியாததல்ல. போனைக் கையில் எடுத்தேன். வண்டி வரும், பின்னாலேயே போலீஸ் வரும், ஊர் கூடும். சுப காரியம் நடக்கப் போகிற இடத்திலிருந்து ஒருவனை ரத்தமும் மண்ணுமாகத் தூக்குவார்கள். மாப்பிள்ளை வீட்டார் சகுனம் பார்ப்பவர்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் என் மகள் யார் முன்னால் நிற்பாள்? போனைச் சட்டைப் பையில் போட்டேன். குனிந்து குழாயில் சொன்னேன்.

"வண்டிக்குச் சொல்லியாச்சு கண்ணு. வந்துட்டு இருக்குது. பொறுமையா இரு."

பாதி சரிந்த கிணற்றைப் பார்த்தால் யாரும் கேள்வி கேட்பார்கள். ஆகவே மீதியையும் மூடினேன். என்ன சத்தம் என்று கேட்டான். மண்ணை அள்ளுகிறோம் என்றேன். குழாய் சாயாமல் ஒவ்வொரு பக்கெட்டாக மெதுவாகக் கொட்டினேன். பெரிய வண்டியாக இருந்திருந்தால் குழாயை முறித்திருக்கும். இரண்டு மணிக்குத் தரை சமமாகிவிட்டது. கொய்யா மரத்தில் தொங்கிய அவன் சட்டையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அணைத்து வைத்தேன்.

மறுநாள் காலை அவன் மனைவி முத்துப்பேச்சி வந்தாள். கேட்டைத் திறக்கும்போதே பார்த்துவிட்டேன். ஓடிப்போய் டிராக்டரை ஸ்டார்ட் செய்தேன். அவள் நேராக வந்து குழாய்க்கு இரண்டடி தள்ளி நின்றாள்.

"நேத்து இங்க வந்தவிய இன்னும் வீட்டுக்கு வரல அண்ணாச்சி. போனும் எடுக்க மாட்டேங்காவ."

மதியமே வேலை முடிந்து ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான் என்று கத்திச் சொன்னேன். காது கேட்கவில்லை, வண்டியை நிறுத்துங்கள் என்று கையைக் காட்டினாள்.

"நிறுத்துனா மறுபடி எடுக்காதுங்க அம்மிணி, பேட்டரி போச்சு."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் செத்துப் பிழைத்தேன். அவள் போன பிறகு எஞ்சினை அணைத்தேன். பேச்சி சத்தம் மாதிரி கேட்டதே என்று கீழேயிருந்து கேட்டான். இல்லை, பக்கத்து வீட்டு அம்மா என்றேன்.

அவனை நான் பட்டினி போடவில்லை. தண்ணீர், வெதுவெதுப்பான பால், குளுக்கோஸ் எல்லாம் குழாய் வழியாக ஊற்றினேன். வேளை தவறியதில்லை. வண்டி ஏன் வரவில்லை என்பான். கோயம்புத்தூரிலிருந்து கிரேன் வர வேண்டியிருக்கிறது என்பேன். நம்பினான். அவ்வளவு தாமதமாகிற வண்டிக்காக என்னைத்தான் சமாதானப்படுத்தினான். செவ்வாய்க்கிழமை அவ்வளவாகப் பேசவில்லை. பூவாத்தாள் வந்ததும் புது மண், உள்வாங்கும், பின்னால் போகாதே என்று சொல்லி வைத்தேன்.

புதன்கிழமை எட்டரை மணிக்குப் பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்பதுக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். நான் பின்னால் போனேன்.

"வண்டி வந்துட்டா அண்ணாச்சி?"

வந்துவிட்டது என்றேன். சந்தோஷம் என்றான். குழாயின் வாயில் மூடியை வைத்துத் திருகினேன். இறுக்கமாகத்தான் திருகினேன். மேலே ஒரு பூந்தொட்டியை வைத்தேன்.

நிச்சயம் நல்லபடியாக நடந்தது. இவ்வளவு சுத்தமான வாசலைப் பார்த்ததில்லை என்று சம்பந்தி சொன்னார்.

சனிக்கிழமை பூவாத்தாள் பூந்தொட்டியை நகர்த்தியிருக்கிறாள். கிணற்றின் மூச்சை அடைத்து வைத்திருக்கிறீர்களே, குடும்பம் விளங்குமா என்று திட்டிக்கொண்டே மூடியைக் கழற்றினாள். அந்த வாடை பட்டதும் மயங்கி விழுந்தாள். அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.

நேற்று ஒரு கேள்வி கேட்டீர்கள். கரை சரிந்தது விபத்து, கூப்பிடாதது பயம், மூடி போட்டது விருந்தாளிகளுக்காக, எல்லாம் சரி. மூன்று மணிக்கு எல்லோரும் கிளம்பிவிட்டார்களே, பிறகு ஏன் திறக்கவில்லை என்று. அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

மூன்றரைக்கு அங்கே போனேன். தொட்டியை எடுத்துவிட்டு மூடி மேல் கையை வைத்தேன். உள்ளேயிருந்து மெதுவாகத் தட்டுவது விரலில் தெரிந்தது. இத்தனை நாளும் என்னைப் பதறாதீர்கள் பதறாதீர்கள் என்று சொன்னவன், மூடி திறந்ததும் வண்டி எங்கே என்றுதான் கேட்பான். மறுபடியும் ஒரு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொய் சொல்லிப் பழகியவன் இல்லை நான்.