ஜிமிஸுக்கு வந்த சீர்

– துப்பாக்கிய வெளியிலேயே மாட்டிட்டு வாண்ணே. இன்னிக்கு உள்ள கத்தரிக்கோலு மட்டும்தான்.

– உன் புருஷனோடது எங்க, உத்வல்?

– உனக்கு முன்னாடியே வந்து மாட்டிட்டாரு. அதோ தொங்குது பாரு.

– அப்ப சரி. பக்கத்துல பக்கத்துல தொங்கட்டும். அதுங்களாச்சும் பேசிக்கட்டும்.

– வா மச்சான், மேல வந்து உக்காரு. தாய்மாமன் ஷாரவ் இல்லாம நாசன் மகளுக்கு முத முடி இறக்கிட்டான்னு நாலு பேரு பேசக் கூடாதுல்ல? அதான் ஆள் அனுப்பினேன்.

– அனுப்பாட்டியும் வந்திருப்பேன் மாப்ளே. நாளைக்கு மடத்துக் கூட்டத்துல உன்ன எதுத்து நிக்கப்போறேன், அது வேற. இது என் மருமக விஷயம். எங்க அவ?

– பெட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கா. முடி வெட்டினா வலிக்குமான்னு கேட்டுக் கேட்டு என் உசுர வாங்கிட்டா. டீயக் குடிண்ணே, ஆறிடும். உப்புப் பத்தலன்னா சொல்லு.

– ஜிமிஸ் குட்டி! மாமா வந்திருக்கேன் பாரு. வெளிய வா.

– வர மாட்டேன்.

– பாத்தியா மாப்ளே? அப்படியே உன் பிடிவாதம்.

– என் பிடிவாதமா? நல்லாருக்கே கதை! வடக்க மங்கோலியாவுல இருக்கறவன் உங்களச் சேத்துக்க முடியாதுன்னு கைய விரிச்சு எவ்வளவு நாளாச்சு? இன்னும் அவனோடதான் சேருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறது யாரு?

– கைய விரிச்சது மேல உக்காந்திருக்கிறவன். அங்க இருக்கிற ஜனம் நம்ம ஜனம்யா. ஒரே பேச்சு, ஒரே சாமி, ஒரே பால். மங்கோலியனுக்குன்னு ஒரு அரசு வேணும்னு கேக்குறேன். அது தப்பா, சொல்லு.

– நான் என்ன சொல்றேன்னா மச்சான், கேக்குறது தப்பில்ல. கிடைக்கணுமே! சீனாக்காரன் ரெண்டா நின்னு அடிச்சுக்கிறான். இப்பவே சிவப்புக் கட்சியோட கை கோத்தா, நம்ம மேய்ச்சல் நெலத்த நாமளே ஆண்டுக்கலாம்னு எழுதித் தர்றான். அவன் ஜெயிச்சப்புறம் போய் நின்னா வாசல்லகூட நிக்க விடமாட்டான்.

– எழுதினத அழிக்க எவ்வளவு நேரமாகும்? ஜப்பான்காரன்கூடத்தான் எழுதிக் கொடுத்தான். ஓடுறப்போ துப்பாக்கிய மட்டும்தான் விட்டுட்டுப் போனான்.

– அந்தத் துப்பாக்கிய வச்சுக்கிட்டுத்தான ரெண்டு பேரோட ஆளுங்களும் மடத்து மேட்டுல எதிரும் புதிருமா உக்காந்திருக்காங்க? போதும், நிறுத்துங்க. பக்கத்துச் சீமையில இப்படித்தான் கூட்டம்னு கூடினாங்க. எவனோ ஒருத்தன் சுட்டான், அப்புறம் எல்லாரும் சுட்டாங்க. பேசப் போனவங்க ஒருத்தரும் வீடு திரும்பல. இங்க உக்காந்து அரசாங்கம் பேசாதீங்க. புள்ளைக்கு முடி வெட்டுங்க.

– சரி தாயீ, சரி. கோவப்படாத. ஜிமிஸ், வாடா கண்ணு. நீ பொறந்தது குரங்கு வருஷம், மாமா பொறந்தது எலி வருஷம். நல்ல பொருத்தம். அதனால முத வெட்டு என்னோடது.

– வலிச்சா கடிப்பேன்.

– தாராளமா கடி. இந்தா... ஆச்சு. வலிச்சுதா?

– இல்லியே! இன்னொண்ணு வெட்டு மாமா.

– மாமா வெட்டியாச்சு. அடுத்தது அப்பா. அண்ணே, அந்த முடிய நீலத் துண்டுல வையி. கீழ விழுந்துடப் போகுது.

– தலைய ஆட்டாதடி ஜிமிஸ். ம், அப்பாவும் வெட்டியாச்சு. சரி மச்சான், சீர் எங்க? தாய்மாமன் வெறுங்கையோடவா வந்த?

– யாரு வெறுங்கை? வெளிய கட்டியிருக்கேன் பாரு. நான் ஏறி வந்த சாம்பல் குதிரை. இந்த நிமிஷத்துலேருந்து அது என் மருமகளோடது.

– அண்ணே!

– என்ன?

– அது நீ ஏறுற குதிரை.

– அதனால என்ன? கேட்டியா, ஒரே மருமக எனக்கு.

– ஒரு ஆட்டுக்குட்டி கொடுத்தாப் போதும். ரொம்ப ஆசைன்னா ஒரு குதிரைக்குட்டி. தான் ஏறுற குதிரைய யாருண்ணே கொடுப்பா? நம்ம அப்பா எப்பக் கொடுத்தாரு, ஞாபகம் இருக்கா? இனிமே எந்திரிக்க மாட்டேன்னு தெரிஞ்சப்புறம்தான கொடுத்தாரு?

– விடு உத்வல்.

– எப்படி விடுறது? நாளைக்குக் கூட்டத்துலேருந்து திரும்பி வரமாட்டேன்னு முடிவே பண்ணிட்டியா? என் முகத்தப் பாத்துச் சொல்லு.

– சொன்னா என்ன, சொல்றேன். என் ஆளுங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டேன். நாளைக்கு என்ன ஆனாலும் சரி, என் தங்கச்சி புருஷன் மேல குண்டு படக்கூடாது. என்னையே சுட்டாலும் திருப்பிச் சுடக்கூடாது. மொறைச்சானுங்க, ஆனா ஒத்துக்கிட்டானுங்க. மாப்ளேயோட ஆளுங்க எப்படியோ, யாருக்குத் தெரியும்? அதான், குதிரையாவது நல்ல கையில இருக்கட்டும்னு...

– ஏங்க, இப்ப நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?

– நீ சும்மா இரு உத்வல்.

– எதுக்குச் சும்மா இருக்கணும்? அண்ணே, காலையில இவரும் மகளுக்குச் சீர் கொடுத்தாரு. என்ன தெரியுமா? இவரு ஏறுற செவலைக் குதிரை.

– மாப்ளே?

– என்னத்தச் சொல்ல மச்சான். நானும் என் ஆளுங்ககிட்ட அதே சத்தியத்தத்தான் வாங்கிட்டு வந்தேன்.

– அடப்பாவி! என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?

– நீ மட்டும் சொன்னியா?

– வெக்கமா இல்ல உங்களுக்கு? ஒண்ணு எனக்கு அண்ணன் இல்லாமப் போகணும், இல்ல புருஷன் இல்லாமப் போகணும். என்னை ஒரு வார்த்த கேட்டீங்களாய்யா யாராச்சும்?

– அழாதம்மா. சரி, இப்ப ஆகவேண்டியதப் பாப்போம். எங்க ரெண்டு பேரையும் காணலன்னா, அவன் கொன்னுட்டான், இவன் கொன்னுட்டான்னு அவனுங்களே சுட ஆரம்பிச்சிடுவானுங்க. விடிஞ்சதுலேருந்து மேட்டுல நின்னு, எங்க தலை தெரியுதான்னு ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டு இருப்பானுங்க. போயே ஆகணும். நாளைக்கு ஒருநா மட்டும் அந்தக் குதிரைங்கள இரவல் கொடு.

– என்கிட்டக் கேக்காத. முடி இறக்குன அன்னிக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். உடையவ அதோ, வாய் நெறைய வெண்ணெயோட உக்காந்திருக்கா.

– வேற குதிரையே இல்லியா?

– நல்லாக் கேட்டீங்க! உங்க படை பாதி, எங்கண்ணன் படை பாதின்னு ஒண்ணு விடாம ஓட்டிட்டுப் போயாச்சே. நடந்து போனா நாளைக்குள்ள போய்ச் சேர மாட்டீங்க. கேளுங்க அவளை.

– ஜிமிஸ் குட்டி, மாமாவுக்கு நாளைக்கு ஒருநா அந்தச் சாம்பலத் தருவியா?

– மாட்டேன்.

– அப்பாவுக்குச் செவலைய?

– ம்ஹூம்.

– கண்ணுல்ல? அப்பாவும் மாமாவும் சேந்து ஒரு முக்கியமான எடத்துக்குப் போகணும்டி.

– செவலை எனக்கு வேணும். சாம்பல்ல ரெண்டு பேரும் உக்காந்துட்டுப் போங்க.