தனி வளை

— இதுதான் ஹாலா? அப்ப இவ்வளவு நேரம் நாம நின்னுட்டு இருந்தது எது தம்பி?

— அதுவும் ஹால்தான் சார். வாசலைத் தாண்டின உடனே ஹால் ஆரம்பிச்சுடும். அதான் ப்ளஸ் பாயிண்ட்.

— ஆரம்பிச்ச கையோட முடிஞ்சும் போயிடுதே! இங்க பாரும்மா, கையை நீட்டினா அடுப்பு, காலை நீட்டினா கக்கூஸ். நடுவுல உக்காந்து மனுஷன் எதைச் சாப்பிடறது?

— மெதுவாப் பேசுங்க. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

— கேக்கட்டுமே. சுவருன்னு ஒண்ணு இருந்தாத்தானே கேக்காம இருக்கும்? தட்டிப் பாரு, அட்டைப்பெட்டி மாதிரி சத்தம் வருது. காலம் பூரா பெயிண்ட் கடை நடத்தினவன் நான். சுவரைத் தொட்டாலே அதோட ஜாதகத்தைச் சொல்லிடுவேன். இது ஈரம் குடிச்ச சுவரு தம்பி. மேல வெள்ளையைப் பூசி மறைச்சிருக்கான்.

— ஈரம் இல்ல சார். லேசா ஒரு குளிர்ச்சி. வெயில் காலத்துக்கு அது ஒரு ப்ளஸ் பாயிண்ட்.

— உன் வாயில மைனஸே வராதா? காலையில ஒண்ணு காட்டினே, லிஃப்ட் இல்லாத அஞ்சாவது மாடி. மூச்சு வாங்க நிக்கிறேன், ‘உடற்பயிற்சி சார்’ங்கிறே. அதுக்கு முந்தி காட்டினதுல குழாய் இருந்துச்சு, தண்ணிதான் இல்ல. இப்ப இது. இது என்ன தலைநகரமா? ஒரு மேம்பாலத்தை ஆரம்பிச்சு அதையும் பாதியில விட்ட ஊரு!

— பாலம்தான் பாதியில நிக்குது சார், விலை நிக்கல. கோவிச்சுக்காதீங்க, சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? உங்க பட்ஜெட்டைக் குறைவா சொல்லல. நடுத்தரமான பட்ஜெட். கௌரவமான பட்ஜெட். ஆனா...

— அந்தக் கௌரவமான பட்ஜெட்டுக்கு ஒரு கட்டிலைக் கௌரவமாப் போட முடியுமா? எங்க ரெட்டைக் கட்டிலை அந்த ரூம்ல போட்டா கதவைச் சாத்த முடியாது. கதவைச் சாத்தினா கட்டில்ல ஏற முடியாது.

— ஒத்தைக் கட்டில் போட்டா அழகா வரும் சார். அளந்தே பாத்துட்டேன். சிஸ்டர்தான் அளக்கச் சொன்னாங்க.

— எந்த சிஸ்டர்?

— நம்ம அம்மாதான் சார், உங்க வீட்டம்மா. எனக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆனப்ப ஆஸ்பத்திரியில ராத்திரி பூரா கண்ணு மூடாம பாத்துக்கிட்டாங்க. வேலையில இருந்து ரிட்டயர் ஆனாலும் எனக்கு என்னைக்கும் அவங்க சிஸ்டர்தான்.

— ஏம்மா, ஒத்தைக் கட்டிலை எதுக்கு அளக்கச் சொன்னே? நான் எங்க படுக்கிறது, அடுப்பு மேலயா?

— அந்த ஜன்னலைப் பாத்தீங்களா?

— பாத்தேன். எதிர் வீட்டுத் தண்ணித் தொட்டி தெரியுது.

— தொட்டிக்கு மேல வானம் தெரியுது.

— கேட்டியா தம்பி! எங்க பழைய வீட்டுல கொல்லைப்பக்கம் பூரா வானம்தான். அதுக்கு எவனாவது தனியா காசு கொடுத்தானா?

— எலி வளையானாலும் தனி வளை வேணும்னு சொல்லுவாங்க சார்.

— இந்த வளையில எலிக்கே மூச்சு முட்டும்.

— அதை எலிகிட்டதான் கேக்கணும்.

— நீ சும்மா இரும்மா. இவன் பேச்சுக்கு நீ வேற தாளம் போடாதே. மழைக்கு மழை ஒழுகுதுன்னு அந்த வீட்டை வித்தோம். வித்த காசு, உன் ரிட்டயர்மென்ட் பணம், கடையைக் கைமாத்தின பணம், அத்தனையும் ஒண்ணாக் கொட்டி இந்தத் தீப்பெட்டியையா வாங்கறது? வயிறு எரியுது.

— அத்தனையும் கொட்ட வேண்டாம் சார். இதுக்கு அதுல பாதி போதும்.

— பாதியா?

— பாதிக்கும் ஒரு பிடி கம்மிதான்.

— அட, இதை வாசல்லயே சொல்லியிருந்தா நான் ஏன்ப்பா தொண்டைத் தண்ணி வத்தக் கத்தப் போறேன்? முழு பட்ஜெட்டுக்கு உள்ளதைக் காட்டு, கிளம்பு.

— முழு பட்ஜெட்டுக்கும்தான் சார் காட்டிட்டு இருக்கேன். இது ஒண்ணு. இன்னொண்ணு ரெண்டு தெரு தள்ளி. தரைத்தளம், உங்க மூட்டுவலிக்குத் தோதா இருக்கும், வாசல்லயே கடைத்தெரு... சிஸ்டர், நீங்க சார்கிட்ட இன்னும் சொல்லலையா?

— இன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்.

— நான் கீழ வண்டிகிட்ட நிக்கிறேன் சிஸ்டர். சாவி அடுப்பு மேடை மேல இருக்கு.

— தம்பி, நில்லு! தம்பி! இவன் ஏன் பேயைக் கண்டவன் மாதிரி ஓடுறான்? நமக்கு எதுக்கு ரெண்டு வீடு? சின்னவ திரும்பி வர்றாளா? மாப்பிள்ளையோட ஏதாவது சண்டையா?

— சின்னவ நல்லா இருக்கா. யாரும் வரல. அந்த வீடு உங்களுக்கு. இது எனக்கு.

— என்னது?

— இது எனக்குங்க. என் பணத்துல இருந்து அட்வான்ஸ் கொடுத்துட்டேன்.

— விளையாடாதே.

— விளையாடல.

— இரு. எனக்குக் காது அடைக்குது. இந்த எழவு வீட்டுல உக்காரக்கூட ஒரு... நான் உன்னை என்னைக்காவது கை நீட்டி அடிச்சேனா? குடிச்சுட்டு வந்தேனா? உன்னையோ உன்னைப் பெத்தவங்களையோ ஒரு சொல்லு சொல்லியிருப்பேனா?

— இல்ல. நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.

— அப்புறம் என்னடி?

— எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நம்ம பழைய வீட்டுல எந்தச் சுவருக்கு என்ன நிறம்னு என்னை ஒருத்தரும் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல.

— இதுக்கா! பெயிண்ட் கடைக்காரன் பொண்டாட்டி நிறத்துக்காகக் கோவிச்சுக்கிட்டுப் போனாளாம்னு கேட்டா ஊரே கைகொட்டிச் சிரிக்கும். என்ன நிறம் வேணும், சொல்லு. பச்சையா, நீலமா? நாளைக்கே ஆளைக் கூட்டிட்டு வந்து அடிக்கிறேன்.

— பாத்தீங்களா, இப்பவும் நீங்கதான் அடிப்பீங்க. எனக்கு எந்த நிறம் பிடிக்கும்னு எனக்கே தெரியலங்க. கொஞ்ச நாள் வெள்ளையாவே இருக்கட்டும். உக்காந்து யோசிக்கிறேன்.

— உனக்கு ஒழுங்கா ஒரு ரசம் வைக்க வருமா? சமையல்கட்டு என் கையிலதானே இருந்துச்சு. பட்டினி கிடப்பே.

— கத்துக்கிறேன். கருகினா கருகினதைச் சாப்பிடறேன்.

— பிள்ளைங்களுக்குத் தெரியுமா?

— பெரியவளுக்குத் தெரியும். போன்ல அழுதா. மறுநாள் அவளே கூப்பிட்டு, ‘ஜன்னலுக்குத் திரைத்துணி அனுப்பறேம்மா, அளவு சொல்லு’ன்னா.

— பெரியவளா! அவளுக்குச் சிக்கெடுத்து ரெட்டைச் சடை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பினது யாரு? இந்தக் கைதானே? ராத்திரி டியூட்டி முடிஞ்சு வந்து நீ தூங்குவே. உன் தூக்கம் கெடக்கூடாதுன்னு மிக்சியைத் தூக்கிட்டு மொட்டை மாடிக்குப் போய் ஓட்டியிருக்கேன். தெரு நாய் குரைச்சா அதுங்கிட்டப் போய்ச் சண்டை போட்டிருக்கேன்.

— தெரியும்.

— உனக்கு என்ன தெரியும்? தெரியாத ஒண்ணு சொல்றேன் கேளு. உன் கண்ணுக்குக் கீழ கருப்பு விழுந்ததைப் பாத்து மனசு கேக்காம, உங்க பெரிய நர்ஸம்மாகிட்ட எத்தனை தடவை போய் நின்னிருப்பேன்! ‘பொண்டாட்டி முகத்தை வெளிச்சத்துல பாத்து வருஷக்கணக்காச்சும்மா, அவளுக்குப் பகல் டியூட்டி போட்டுக் கொடுங்க’ன்னு வெக்கத்தை விட்டுக் கெஞ்சினேன். உனக்குக் கௌரவக் குறைச்சலா இருக்கும்னு இத்தனை நாள் வாயைத் திறக்கல. கல்லு மனசுக்காரி! ஒவ்வொரு தடவையும் ‘பாக்கலாம்’னு என்னை அனுப்பிட்டு, மறுபடி ராத்திரியிலதான் போட்டா.

— அவங்களைத் திட்டாதீங்க.

— ஏன் திட்டக்கூடாது? நாம ஒண்ணா இருக்க வேண்டிய வயசையெல்லாம் தின்னுட்டாளே! அவ மட்டும் கொஞ்சம் மனசு வெச்சிருந்தா நீ இன்னைக்கு இந்தப் பொந்துல வந்து நிப்பியா?

— நீங்க வந்துட்டுப் போன ஒவ்வொரு தடவையும் அவங்க என்னைக் கூப்பிட்டுப் பகல் டியூட்டி எடுத்துக்கோன்னு சொன்னாங்க. நான்தான் ராத்திரியே இருக்கட்டும்னேன்.