செப்டம்பரில் மாற்ற வேண்டிய ஸ்பிரிங்

அந்த ஸ்டூலின் ஒரு கால் ஆடும், ஷெரிப் மேடம். இந்த நாற்காலிக்கு வாருங்கள். ஊரில் பாதிப் பேருடைய துப்பாக்கியைச் சரிசெய்து கொடுக்கிறவனின் கராஜில் ஒரு ஸ்டூல் பத்து வருஷமாக ஆடிக்கொண்டிருக்கிறது. காபி சூடாகத்தான் இருக்கிறது, ஊற்றிக்கொள்ளுங்கள்.

ராய்ஸ் கில்டேயின் சாவைப் பற்றி நீங்கள் எழுதிய அறிக்கையைப் படித்தேன். அக்டோபர் இரண்டாம் வாரம், ஓடைக்கு மேலே பைன் சரிவு, குட்டியோடு வந்த கரடி. எல்லாம் சரி. மூன்று தடவை விசையை இழுத்தும் ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை என்பதும் சரி. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் பிழை. அதற்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன், அந்தத் துப்பாக்கியையும் எடுத்து வரச் சொன்னேன்.

ராய்ஸ் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கேப்டன் இடிமுழக்கம். எங்கள் பந்தயம்தான் உங்களுக்குத் தெரியுமே. கொள்ளுத்தாத்தா காலத்து உடுப்பை மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டு, அடியில் உள்ள லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் ரைபிளால் இரும்புத் தகடுகளை யார் சீக்கிரம் சுடுகிறார்கள் என்று பார்ப்போம். ராய்ஸின் பூட்ஸில் வெள்ளிக் குதிமுள் மின்னும். குதிரை பக்கத்தில் வந்தாலே அவனுக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும்.

ஏப்ரலில் இந்த ரைபிளைத் தூக்கிக்கொண்டு வந்தான். "டேய் வெர்லின், இது என் பேச்சையே கேக்க மாட்டேங்குதுடா" என்றான். கேட்காதுதான். லீவரை இழுத்தால் பாதியில் முரண்டுபிடித்தது. தோட்டா மேலே வராமல் குறுக்கே நின்றது. முழுக்கப் பிரித்துப் போட்டேன். உள்ளே ஒரு விளிம்பில் நகக்கண் அளவு பிசிறு. அதை நைஸ் கல்லால் தேய்த்தேன், உரசுகிற இடத்தையெல்லாம் மெருகேற்றினேன். மூன்று வாரம் ஆயிற்று. கடைசியாக, தோட்டாவின் முதுகில் அடிக்கிற சுத்தியலைத் தள்ளும் கனத்த ஸ்பிரிங்கைக் கழற்றி, மெலிந்தது ஒன்றைப் போட்டேன். அதற்குப் பிறகு லீவர் ஒற்றை விரலுக்கு நாய்க்குட்டி மாதிரி கூடவே வந்தது.

மெலிந்த ஸ்பிரிங் பந்தயத்துக்கு மட்டும்தான். பந்தயத் தோட்டாக்களை நானே இங்கே அடைக்கிறேன். அவற்றின் முதுகு இளசு, லேசாகத் தட்டினாலே வெடிக்கும். வேட்டைக்குக் கடையில் வாங்கும் தோட்டாவுக்கு முதுகு கெட்டி, அந்தத் தட்டு போதாது. அதனால் செப்டம்பரில் பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். இந்தப் பக்கம் அது பனிக்கால டயர் மாற்றுகிற மாதிரி, யாரும் யோசிப்பதுகூட இல்லை. ராய்ஸுக்கு மட்டும் அதற்குள் ஸ்பிரிங் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

ஆகஸ்டில் கோப்பையை ஜெயித்தான். விருந்தில் எழுந்து நின்று, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "இந்த ரைபிளை ராத்திரி பகலா உக்காந்து என் சொந்தக் கையால டியூன் பண்ணினேன்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்குப் புகழ்மேல் ஆசை கிடையாது, மேடம்.

செப்டம்பர் கடைசியில், பழைய ஸ்பிரிங்கை ஒரு கவரில் போட்டு, அவன் பெயரை எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் பெர்னிஸின் உணவுக்கடைக்குப் போனேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். கொடுக்கத்தான் போனேன். அங்கே ராய்ஸ் அப்பத்தின்மேல் பாகை ஊற்றிக்கொண்டே, மேசையில் இருந்த நாலு பேருக்குப் பிசிறு எடுப்பது எப்படி என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தான். கல்லைத் தப்பான பக்கம் தேய்த்தான், ஜாடையில். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "வேட்டைக்கு மலையேறப் போறேன்டா. அதுக்கு முன்னாடி எதாவது பாக்கணுமா?" என்றான்.

நியாயமான கேள்வி. மேசை முழுக்க என் பக்கம் திரும்பியது.

"என்னைய ஏன்டா கேக்குற? உன் சொந்தக் கையால பண்ணதாச்சே. உனக்குத் தெரியாததா?" என்றேன்.

அவன் கொஞ்சம் சிவந்தான். பிறகு, "அதுவும் சரிதான்" என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்து, இன்னொரு காபி சொன்னேன். அன்றைக்குப் பெர்னிஸின் ஆப்பிள் பை பிரமாதம். கவர் என் சட்டைப் பையிலேயே இருந்தது. ஒரு வார்த்தை, "இதை நான் பண்ணலை, வெர்லின் பண்ணினான்" என்று ஒரே ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கச் சொல்வதே தொழிலாக இருந்தவன்.

அடக்கத்தில் கிளப்காரர்கள் ஏழு பேர் நின்று வானத்தைப் பார்த்து மும்மூன்று குண்டு சுட்டார்கள். ஒன்றுகூடச் சிக்கவில்லை. ஏழும் என் வேலை. அவன் மனைவி டோரிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்கு உங்கமேல ரொம்ப மரியாதை" என்றாள். ஆறுதலாக இருந்தது.

இதோ அந்தக் கவர். எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பதை மாட்டியிருந்தால் மூன்று தோட்டாவும் வெடித்திருக்கும். அது தெரிந்துதான் பையில் வைத்திருந்தேன். அன்றைக்கும் தெரியும், அவன் மலை ஏறின காலையிலும் தெரியும். எழுதிக்கொண்டீர்களா?

இனி அந்தக் கடைசி வரி. 'உரிமையாளரே துப்பாக்கியைத் தன் கையால் மாற்றி அமைத்திருந்ததால்' என்று போட்டிருக்கிறீர்கள். உங்கள்மேல் தப்பில்லை, ஊரே அப்படித்தான் சொல்கிறது. அதை அடித்துவிட்டு வெர்லின் ஆஸ்பி என்று எழுதுங்கள். விலங்கு மாட்டுவதற்கு முன்னால், குண்டு இல்லைதானே, அந்த லீவரை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள், மேடம். மெதுவாக, ஒரே விரலால். இப்போது சொல்லுங்கள், இது ஒரு பல் டாக்டரின் கைவேலையா?