சிவப்பு முத்திரை வைத்த பெட்டி

— திருப்புளியைக் கீழ வைங்கண்ணே! அதைத் திறக்கக் கூடாது!

— மூடின பெட்டியைப் பாத்துச் சொல்ல நான் என்ன மந்திரவாதியாம்மா? ரிப்பேர் கடைக்காரன்.

— ரிப்பேருக்குக் கொண்டு வரலைண்ணே. இது என்னன்னு அடையாளம் சொன்னாப் போதும். நாலு திருகாணி மேலயும் சிவப்பா முத்திரை இருக்கு பாருங்க, கம்பெனி வச்சது. அது உடைஞ்சா வெறும் டப்பா.

— இப்ப மட்டும் என்னவாம்?

— என்னங்க, நீங்க கொஞ்சம் வாயை மூடுறீங்களா?

— அண்ணே, நான் இவளைக் கட்டினவன். ஆறு மாசமா இந்தப் பெட்டி ஏசி ரூம்ல தூங்குது, நான் ஹால்ல கொசுவோட தூங்குறேன். அந்த உரிமையில கேட்டேன்.

— சரி சார், சண்டை போடாதீங்க. பெட்டி எங்க கிடைச்சுதும்மா?

— எங்க அப்பாவோடது. அவர் போனப்புறம் பீரோவுக்கு மேல இருந்துச்சு. அந்தக் காலத்துல ஆபீஸ்ல குடுத்தாங்கள்ல, தையல் மிஷின் கனத்துல, கைப்பிடி வச்ச கம்ப்யூட்டர்? அதோட பின்பக்கம் சொருகியே இருந்துச்சு. மேல ஒரே ஒரு லைட்டு. எந்தப் புத்தகத்துலயும் இதைப் பத்தி ஒரு வரி இல்லைண்ணே.

— அந்தக் கம்ப்யூட்டரா? தூக்கிட்டு வர்றதுக்குள்ள தோள்பட்டை எறங்கிடும். எனக்குத் தெரியாத பார்ட்டு அதுல கிடையாதும்மா.

— அதனாலதான் உங்களைத் தேடி வந்தேன். எங்க பழங்கணினிச் சங்கத்துல மூணு கட்சி ஆயிடுச்சு. செயலாளர் இது வானிலைக் கருவிங்கிறார். பொருளாளர் போன்ல பேச்சை ஒட்டுக் கேக்குறதுங்கிறார். தலைவர்தான், இது ரகசியச் செய்தியைப் புரியாத மாதிரி மாத்தி அனுப்புற கருவின்னு இருபத்திரண்டு பக்கம் எழுதிக் குடுத்தார். அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்பாவுக்கு மேனேஜரா இருந்தவர்.

— ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே கூட எடுத்தாங்கண்ணே. எனக்கு முதுகு வலின்னு சீட்டு வாங்கி, என் பேர்ல எடுத்தாங்க.

— என்னங்க!

— எக்ஸ்ரேல என்ன தெரிஞ்சுது சார்?

— ஒன்னும் தெரியலை. உள்ள இரும்புத் தகடாம். உடனே தலைவர், 'பாத்தீங்களா, எவ்வளவு ரகசியம்'னுட்டார்.

— கரண்ட் குடுத்துப் பாத்தீங்களாம்மா?

— ஐயையோ! சரித்திரமே எரிஞ்சு போயிடும்னார் தலைவர். யார்கிட்டயும் காட்டாதேன்னும் சொன்னார். அவருக்குத் தெரியாமத்தான் வந்திருக்கேன். நாளைக்குக் கண்காட்சிண்ணே. அப்பா பேர் போட்டுக் கண்ணாடிக் கூண்டு தயாரா இருக்கு. கீழ வைக்கிற அட்டையில என்ன எழுதுறதுன்னுதான் அடிதடி. அந்தக் காலத்து ஆள் நீங்க ஒரு வார்த்தை சொல்லிக் கையெழுத்துப் போட்டா எல்லார் வாயும் அடைஞ்சிடும்.

— கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க, எனக்கு ஒரு சந்தேகம். திறக்கலைம்மா, அடியில மட்டும் பாக்குறேன்... அட.

— அந்த எண்தானேண்ணே? ஏழு, ஒரு கோடு, பன்னண்டு. அது ஏதோ ரகசியக் குறியீடுன்னு தலைவர் ஆறு பக்கம் எழுதியிருக்கார்.

— பன்னண்டு பெட்டில ஏழாவது. என் கையெழுத்தும்மா.

— என்னண்ணே சொல்றீங்க?

— அந்தச் சிவப்பு, என் வீட்டுக்காரி நகத்துக்குப் போடுற சாயம். யாராவது திறந்தாத் தெரியட்டும்னு நான்தான் வச்சேன்.

— அதுல ஓரமா ஒரு துளி சுரண்டி சோதனைச்சாலைக்கு அனுப்பினாங்களே! 'இன்று கிடைக்காத வேதிப்பொருள்'னு பதில் வந்துச்சே!

— அந்தக் கம்பெனி மூடிட்டாங்கம்மா. அவளும் ரொம்ப வருத்தப்பட்டா.

— அண்ணே, உங்க காலைக் குடுங்க, தொட்டுக் கும்பிட்டுக்கிறேன்.

— என்னங்க, சிரிக்காதீங்க. அண்ணே, உள்ள என்ன இருக்கு?

— பொம்மைக் கார் மோட்டர் ஒன்னு. லைட்டு மினுக்குறதுக்கு ஒரு சின்ன சர்க்யூட்டு. கனமா இருந்தாத்தான் நம்புவாங்கன்னு இரும்புத் தகடு. ஸ்லாட்ல சொருகினா கர்ர்ருன்னு சத்தம் வரும், லைட்டு எரியும். அவ்வளவுதான்.

— எதுக்கு?

— கம்ப்யூட்டர் வேலை செய்யுதுன்னு மத்தவங்க நினைக்கிறதுக்கு.

— அந்தச் சத்தம்... எனக்கு அந்தச் சத்தம் தெரியும்ண்ணே. கதவுக்கு வெளிய கேக்கும். கேட்டாலே அம்மா வாயில விரலை வைப்பாங்க, அப்பா வேலை பாக்குறார்னு. ஒரு நாள் ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்ச கோப்பையோட கதவுக்கு வெளியவே உக்காந்திருந்தேன். அப்படியே தூங்கிட்டேன். அப்ப உள்ள என்ன பண்ணிட்டு இருந்தார்? தூங்கினாரா?

— அழாதே. இந்தா, கர்ச்சீப்.

— உங்க அப்பா தூங்கலைம்மா. இதே ஸ்டூல்ல உக்காந்து சொன்னார். 'மிஷினைக் குடுத்துட்டாங்க, எப்படி ஓட்டுறதுன்னு சொல்லித் தரலை. கேட்டா சின்னப் பசங்க சிரிக்கிறாங்க. தெரியாதுன்னு சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க'ன்னார். ராத்திரி பூரா எல்லாத்தையும் கையால எழுதுவாராம். காலைல ஆபீஸ்ல டைப் அடிக்கிற அம்மாகிட்ட ரகசியமாக் குடுப்பாராம். வீட்டுல கூட யாருக்கும் தெரியக் கூடாது, பிள்ளைங்க முன்னாடி அசிங்கம்னார்.

— நான் சிரிச்சிருக்க மாட்டேனே அண்ணே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சிரிச்சிருக்கவே மாட்டேனே.

— தெரியும்மா.

— ஆமா, மிச்சம் பதினொரு பெட்டி யாருக்குண்ணே?

— அதே ஆபீஸ்தான் சார். அந்தப் பன்னண்டு பேர்ல ஒருத்தருக்கும் ஓட்டத் தெரியாது. ஆனா அடுத்தவனுக்குத் தெரியும்னு ஒவ்வொருத்தரும் நினைச்சுட்டு இருந்தாங்க. அங்க பன்னண்டு மிஷின்னு தெரிஞ்சு மொத்தமாச் செஞ்சு வச்சேன், தனித்தனியா வந்து வாங்கிட்டுப் போனாங்க.

— அண்ணே, திருப்புளியை எடுங்க. திறந்தே வைக்கிறேன். கையால எழுதினார்னு அட்டையில போடுறேன். தலைவர்கிட்ட நானே சொல்லிடுறேன். பாவம், இருபத்திரண்டு பக்கம் எழுதினார், உடைஞ்சு போயிடுவார். அவர்கிட்டயும் ஒன்னு இருக்குண்ணே. உலகத்துலயே ரெண்டு லைட்டு வச்சது அது ஒன்னுதான்னு வீட்டுல பூட்டி வச்சிருக்கார். நாளைக்குக் கூடக் காட்சிக்கு வைக்க மாட்டேன்னுட்டார்.

— 'மேனேஜருக்கும் ஒரே லைட்டா?'ன்னு என்கிட்டச் சண்டை போட்டு வாங்கினதாச்சே, எப்படி வைப்பார்? போன வாரம்தான் மோட்டர் நின்னுடுச்சுன்னு தூக்கிட்டு வந்தார். சத்தம் இல்லைன்னா வீட்டம்மா கதவைத் திறந்துடுறாங்களாம், சங்க வேலைன்னு சொல்லி மத்தியானம் ஒரு தூக்கம் போட முடியலையாம்.