மாவு விழுங்கியவர்கள் சார்பில்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் மருத்துவர் அம்மையார் அவர்களே! ஆய்வுக்கூடத்து அறிஞர் பெருமக்களே! வயதில் மூத்த பெரியோர்களே! தாய்மார்களே! ஊசி குத்திக் குத்தி விரல்நுனி தழும்பேறிய என் சர்க்கரைச் சொந்தங்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

கரையில் ஒதுங்கிக் காலில் சிக்கும் கடற்பாசி, சர்க்கரை நோயால் மங்கும் கண்ணொளியைக் காக்கும் மருந்தாகுமா? உண்ட உணவு சர்க்கரையாக மாறும் வேகத்தை அதன் சத்து தணிக்குமா? வழக்கமான மாத்திரையை நிறுத்தாமல், கூடவே ஒரு கேப்சூலையும் விழுங்கினோமே, அதை அறியத்தானே?

ஆனால் நான் எதற்கு வந்தேன்? உள்ளதைச் சொல்கிறேன். மனைவி மறைந்தபின் என் வீட்டில் சத்தம் போடுவது குளிர்சாதனப் பெட்டி மட்டுமே. சிரிக்கிறீர்கள், சிரியுங்கள்! லிஃப்ட் பழுது பார்த்தே வாழ்ந்தவன் நான். ஊரையே மாடி ஏற்றிவிட்டவனின் வீட்டு மாடிக்கு வர ஆளில்லை. ஆய்வில் சேர்ந்தால் தினமும் செவிலியர் தொலைபேசியில் விசாரிப்பார் என்றார்கள். சேர்ந்துவிட்டேன்!

"ஐயா, கால் மரத்துப்போகுதா?"

"கால் இல்லம்மா, வாய்தான். பேச ஆளில்லாம."

அந்தப் பெண் சிரித்தார். அன்று முழுவதும் அந்தச் சிரிப்பு என் சமையலறையில் இருந்தது.

ஆய்வு முடிந்தது. பாதிப் பேருக்குப் பாசிச் சத்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு.

"உங்களுக்கு மாவுதான் வந்திருக்கு ஐயா" என்றார் மருத்துவர்.

பாசி பெற்றவர்களுக்குச் சர்க்கரை சற்றே தணிந்திருந்தது. எனக்கு இம்மியும் இல்லை. மறுநாள் அழைப்பும் வரவில்லை. தொலைபேசி கெட்டுவிட்டதோ என்று எடுத்து எடுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

தொலைவில் இருக்கும் மகளிடம் புலம்பினேன். "ஏமாத்திட்டாங்கம்மா!"

"அப்பா, எல்லாருக்கும் பாசியே குடுத்திருந்தா, குறைஞ்சது அதாலதான்னு எப்படிப்பா தெரியும்? உங்களுக்குக் குறையாம இருந்ததாலதானே தெரிஞ்சுது!"



அவையோரே! மருந்தை விழுங்கியவர் மட்டுமா மருந்தைத் தேடினார்? மாவை விழுங்கியவனும் தேடினான்! பலன் பெற்றவர் மட்டுமா பங்களித்தார்? பலனே காணாதவனும் பங்களித்தான்! தனியறையில், தண்ணீர்க் குவளையோடு, தன்னந்தனியாகப் பங்களித்தான்!

இன்னும் பல ஆய்வுகள் வேண்டுமாம். பாசி மருந்தாகும் நாளை நான் பார்ப்பேனோ, மாட்டேனோ! அங்கே ஒரு தாய் கேட்கிறார், "மறுபடியும் மாவே வந்தா?" என்று. வரட்டும் தாயே! யாரேனும் ஒருவர் அதை விழுங்கித்தானே ஆகவேண்டும்? அடுத்த ஆய்வுக்கு இன்று காலையே கையெழுத்திட்டுவிட்டேன்.

ஒருவன் பேச இத்தனை பேர் கேட்டிருந்தீர்களே, அந்தச் செவிகளுக்கெல்லாம் என் நன்றி! வணக்கம்!